பூனை ரத்தப்புற்று வைரஸின் மேற்பரப்புப் புரதங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ராகி மூட்டைகளை எலியிடமிருந்து காப்பதற்காகப் பூனை வளர்க்கும் வீடுகள் இன்றும் உண்டு. ஓசூர் போன்ற நகரங்களில் விலை கொடுத்து வாங்கிப் பூனை வளர்ப்போரும் உண்டு. விலங்கியல் கற்பிப்பவன் என்பதால் இந்த இரு தரப்பினரும் பூனை ரத்தப்புற்று வைரஸைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள். கால்நடைத் துறையில் சேரப் படிக்கும் மாணவர்களும் கேட்கிறார்கள். மருத்துவர்கள் சுருக்கமாக எஃப்இஎல்வி என்று எழுதித் தரும் இந்த வைரஸின் வெளிப்புறப் புரதங்களைப் புரிந்துகொண்டால், சோதனை முடிவு, தடுப்பூசி, நோயின் வடிவம் ஆகிய மூன்றைப் பற்றியும் எழும் குழப்பங்களில் பெரும்பகுதி நீங்கிவிடும் என்பது என் அனுபவம். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே கொடுத்திருக்கிறேன்.

இதை கேன்சர்னு சொல்றாங்க, ஒட்டுவாரொட்டின்னும் சொல்றாங்க. ரெண்டுல எதுங்க சரி?

இரண்டும் சரி. நோயைத் தொடங்கிவைப்பது ஒரு வைரஸ். அது பூனைக்குப் பூனை பரவுகிறது. தொற்று நிலைத்துவிட்ட பூனைகளில் ஒரு பகுதிக்குப் பின்னாளில் ரத்தப்புற்றோ நிணநீர்ப் புற்றோ ஏற்படுகிறது. ஒரே வீட்டில் வாழ்ந்த பூனைகள் அடுத்தடுத்து நிணநீர்ப் புற்றுக்கு ஆளானதைக் கவனித்த கிளாஸ்கோ நகர ஆய்வாளர் வில்லியம் ஜாரெட்டும் அவருடைய குழுவினரும் 1964ஆம் ஆண்டில் இந்த வைரஸைக் கண்டறிந்தார்கள்.

இது ரெட்ரோவைரஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. அதாவது, தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி எழுதி, பூனையின் குரோமோசோமுக்குள்ளேயே செருகிவிடும் இயல்புடையது. அப்படிச் செருகப்பட்ட பகுதிக்குப் புரோவைரஸ் என்று பெயர். செருகப்படும் இடம் செல்லின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மரபணுவுக்கு அருகில் அமைந்துவிட்டால் புற்று தொடங்கலாம். ஆனால், தொற்று நிலைத்த பூனைகள் எல்லாம் புற்றால் இறப்பதில்லை. ரத்தசோகையாலும், எதிர்ப்பாற்றல் குன்றியதால் வரும் பிற தொற்றுகளாலும் இறப்பவை பல.

எங்க பூனைக்கு மூணு நோய்க்கான ஊசி போட்டாச்சு. அதுலயே இதுவும் அடங்கிடும் இல்லீங்களா?

அடங்காது. நம் ஊர் மருந்தகங்களில் ட்ரைகேட் என்ற பெயரில் கேட்டு வாங்கப்படும் மும்முனைத் தடுப்பூசி பான்லுகோபீனியா, ஹெர்பிஸ், கேலிசி ஆகிய மூன்று வைரஸ்களுக்கு எதிரானது. இவற்றில் பான்லுகோபீனியா வெள்ளை அணுக்களை அழித்து, கடும் வாந்தியும் கழிச்சலும் உண்டாக்கிச் சில நாட்களிலேயே குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் நோய். எஃப்இஎல்வி அதற்கு எந்த வகையிலும் உறவில்லாதது. மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் மெதுவாக வேலை செய்வது. வெறிநோய்த் தடுப்பூசியும் இதைத் தடுக்காது. எஃப்இஎல்விக்கெனத் தனித் தடுப்பூசி இருக்கிறது. அது உங்கள் பூனைக்குத் தேவையா, கிடைக்குமா என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மேற்பரப்புப் புரதம்னா என்ன? வைரஸ் மேல எத்தனை வகை இருக்கு?

வைரஸ் துகள் ஏறத்தாழ 100 நானோமீட்டர் குறுக்களவுள்ள ஓர் உருண்டை. அதன் வெளிப்போர்வை பூனையின் செல்லிலிருந்து வெளியேறும்போது எடுத்துக்கொண்ட கொழுப்புச் சவ்வு. அந்தச் சவ்வில் நீட்டிக்கொண்டிருக்கும் வைரஸின் சொந்தப் புரதங்கள் இரண்டே இரண்டு. ஒன்று ஜிபி70, மற்றொன்று பி15இ. முதல் பெயரில் உள்ள ஜிபி என்பது சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டிய புரதம் என்பதைக் குறிக்கிறது. 70, 15 ஆகிய எண்கள் கிலோடால்டன் அளவில் அவற்றின் எடையைக் குறிக்கின்றன. இறுதியில் உள்ள இ, உறையைச் சேர்ந்தது என்பதற்கான அடையாளம்.

வைரஸின் மரபணுத் தொகுதியில் காக், போல், என்வ் என்று மூன்று முதன்மை மரபணுக்கள் உள்ளன. என்வ் மரபணுவிலிருந்து முதலில் ஒரே நீண்ட புரதம்தான் உருவாகிறது. செல்லுக்குள் இருக்கும் ஃபியூரின் வகை நொதி அதை ஓரிடத்தில் வெட்டும்போதுதான் ஜிபி70, பி15இ என்ற இரு துண்டுகள் கிடைக்கின்றன. வெட்டப்பட்ட பிறகும் அவை பிரிந்துபோகாமல் இணைந்தே நிற்கின்றன. இத்தகைய இணைகள் மூன்று சேர்ந்தே ஒரு முள் ஆகிறது. கிளையிலிருந்து காம்பில் தொங்கும் மாங்காயை நினைத்துக்கொண்டால் அமைப்பு விளங்கும்: சவ்வுக்குள் ஊன்றியிருக்கும் காம்பு பி15இ, வெளியே திரண்டு தெரியும் காய் ஜிபி70. இரண்டுக்கும் இடையிலான பிணைப்பு உறுதியற்றது என்பதால் துகளிலிருந்து ஜிபி70 எளிதில் கழன்று விழுந்துவிடும்.

அந்த ரெண்டும் சேர்ந்து வைரஸை எப்படி செல்லுக்குள்ள நுழைய வைக்குது?

ஜிபி70இன் முன்பாதியில் ஏற்பியைப் பற்றிக்கொள்ளும் பகுதி உள்ளது. ஏற்பி என்பது பூனையின் செல் தன் சொந்த வேலைக்காக மேற்பரப்பில் வைத்திருக்கும் ஒரு புரதம், வைரஸுக்காகப் படைக்கப்பட்டதன்று. எஃப்இஎல்வி பயன்படுத்தும் ஏற்பிகள் எல்லாமே ஏதேனும் ஒரு பொருளைச் செல்லுக்குள்ளேயோ வெளியேயோ கடத்தும் புரதங்கள் என்பது இந்த வைரஸைப் படிப்பவர்கள் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி. ரத்தசோகை பற்றிய கேள்வியில் இது மீண்டும் தேவைப்படும்.

ஜிபி70 ஏற்பியைப் பற்றியதும் அதன் வடிவம் மாறுகிறது. அந்த மாற்றம் கீழேயுள்ள பி15இக்குக் கடத்தப்பட, அதுவரை மறைந்திருந்த நீர்வெறுக்கும் முனை வெளிப்பட்டுப் பூனைச் செல்லின் சவ்வில் செருகிக்கொள்கிறது. பின்னர் பி15இ தன்மீதே மடிந்து, வைரஸின் சவ்வையும் செல்லின் சவ்வையும் நெருக்கி ஒன்றாகக் கலக்கச் செய்கிறது. உள்ளிருக்கும் ஆர்.என்.ஏ. செல்லுக்குள் இறங்கிவிடுகிறது. ஆகவே, எந்தச் செல்லைப் பிடிப்பது என்று தீர்மானிப்பது ஜிபி70. கதவைத் திறப்பது பி15இ.

ஸ்ட்ரிப் டெஸ்ட்ல பாசிட்டிவ்னு வந்துச்சு. அப்போ ஜிபி70 ரத்தத்துல இருக்குன்னு அர்த்தமா?

இல்லை. நான் மிகுதியாகக் கேட்கும் தவறான கருத்து இதுதான். மாணவர்களும்கூட இப்படித்தான் எண்ணுகிறார்கள். மருந்தகத்தில் சில சொட்டு ரத்தத்தைக் கொண்டு செய்யப்படும் விரைவுச் சோதனைப் பட்டையும், ஆய்வகத்தில் செய்யப்படும் எலைசா சோதனையும் தேடுவது பி27 என்ற வேறொரு புரதத்தை. அது காக் மரபணுவின் விளைபொருள், வைரஸின் உட்கூட்டைக் கட்டுவது, மேற்பரப்பில் தலைகாட்டாதது.

வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை விட்டுவிட்டு உள்ளே இருப்பதை ஏன் தேட வேண்டும் என்று கேட்பது நியாயமே. ஒரு துகளில் பி27 மூலக்கூறுகள் முட்களைவிடப் பன்மடங்கு அதிகம். தொற்றுள்ள செல்கள் அதைத் தேவைக்கு மேல் உற்பத்தி செய்து ரத்தத்தில் தனியாகவும் கசியவிடுகின்றன. உறைப் புரதத்திலோ மற்றொரு சிக்கல் உண்டு: வைரஸ் தொற்றாத பூனையின் உடலிலும் அதை ஒத்த புரதம் உருவாகக்கூடும். அதன் காரணத்தை பி வகை பற்றிய கேள்வியில் விளக்கியிருக்கிறேன்.

இதே பட்டையில் பெரும்பாலும் எஃப்ஐவி (பூனை எதிர்ப்பாற்றல் குறைபாட்டு வைரஸ்) என்ற வேறொரு வைரஸுக்கான கோடும் இருக்கும். அந்தக் கோடு காட்டுவது ஆன்டிபாடியை, அதாவது வைரஸை எதிர்த்துப் பூனையின் உடல் உருவாக்கும் புரதத்தை. எஃப்இஎல்வி கோடு காட்டுவது வைரஸின் புரதத்தையே. இரண்டையும் ஒரே மாதிரியாகப் பொருள் கொள்ளக் கூடாது. தாயிடமிருந்து பெற்ற ஆன்டிபாடி குட்டியின் எஃப்ஐவி முடிவைக் குழப்பும். எஃப்இஎல்வி முடிவைக் குழப்பாது.

ஏ, பி, சி, டின்னு வகை சொல்றாங்களே, அது எதை வச்சுப் பிரிக்கிறாங்க?

முழுக்க முழுக்க ஜிபி70ஐ வைத்தே. டி என்று நீங்கள் கேள்விப்பட்டது பெரும்பாலும் ஆங்கில எழுத்து T ஆக இருக்கும்; டி செல்கள் என்ற எதிர்ப்பாற்றல் தரும் வெள்ளை அணுக்களைத் தாக்கும் வகையைத்தான் அது குறிக்கிறது. அதற்கு ரத்தசோகை பற்றிய பதிலுக்குப் பிறகு வருகிறேன். ஒரு செல்லில் ஏ வகை புகுந்துவிட்டால், உள்ளே உருவாகும் ஜிபி70 அந்தச் செல்லின் ஏற்பிகளைப் பிடித்து முடக்கிவிடுகிறது. ஆகவே இன்னொரு ஏ வகை வைரஸ் அதற்குள் நுழைய இடமில்லை. ஆனால், வேறு ஏற்பியைப் பயன்படுத்தும் பி வகைக்குத் தடையில்லை. இந்தக் குறுக்கீட்டைச் சோதனைக் குழாயில் அளந்தும், எதிர்ப்புச் சீரம் எதை முடக்குகிறது என்று பார்த்தும், 1973ஆம் ஆண்டில் சர்மா, லாக் என்ற ஆய்வாளர்கள் ஏ, பி, சி வகைப்பாட்டை வெளியிட்டார்கள். அப்போது எந்த ஏற்பியின் பெயரும் தெரிந்திருக்கவில்லை. பெயர் தெரியாமலேயே, அவை வெவ்வேறானவை என்று நிறுவிக் காட்டியது மிக அழகான ஆய்வு என்று நான் கருதுகிறேன்.

ஏற்பிகள் பின்னர் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. ஏ வகை பற்றுவது வைட்டமின் பி1ஆகிய தயமினைச் செல்லுக்குள் கொண்டுசெல்லும் புரதத்தை. இது 2006ஆம் ஆண்டில்தான் கண்டறியப்பட்டது. பி வகை பற்றுவது பாஸ்பேட்டைக் கடத்தும் பிட்1 என்ற புரதத்தை. சி வகை பற்றும் புரதத்துக்கு வைரஸின் பெயரையே சூட்டி எஃப்எல்விசிஆர்1 என்றார்கள்.

எங்க வீட்டுப் பூனை ரத்தமில்லாம வெளுத்துப்போய் செத்துச்சு. பக்கத்து வீட்டுப் பூனைக்கு நெஞ்சுல கட்டி. ரெண்டுக்கும் ஒரே வைரஸ்னு சொன்னா எப்படிங்க நம்பறது?

இரண்டு பூனைகளுக்கும் ஏ வகையே தொற்றியிருக்கலாம். பிறகு ஒவ்வொன்றின் உடலிலும் ஜிபி70 வெவ்வேறு விதமாக மாறியிருக்கலாம். சி வகை அப்படித்தான் தோன்றுகிறது. ஏ வகையின் ஜிபி70இல், ஏற்பியைப் பற்றும் பகுதியில் ஒருசில அமினோ அமிலங்கள் மாறினாலே அது தயமின் கடத்தியைக் கைவிட்டு எஃப்எல்விசிஆர்1ஐப் பற்றத் தொடங்கிவிடுகிறது.

அந்த எஃப்எல்விசிஆர்1 செய்யும் வேலைகளில் ஒன்று, ஹீம் என்ற இரும்புள்ள பொருளைச் செல்லிலிருந்து வெளியேற்றுவது. சிவப்பணுவாக வளரவிருக்கும் இளஞ்செல்லுக்கு ஹீமோகுளோபின் செய்ய ஹீம் வேண்டும். ஆனால், அளவுக்கு மேல் தேங்கினால் அதுவே நஞ்சு. சி வகையின் ஜிபி70 இந்தக் கடத்தியை முடக்குவதால் எலும்பு மஜ்ஜையில் இளஞ்செல்கள் முதிரும் முன்னரே மடிகின்றன. வெள்ளை அணுக்கள் ஓரளவு இருக்க, சிவப்பணு உற்பத்தி மட்டும் அடியோடு நின்றுபோகும். ஈறும் மூக்கு நுனியும் காகிதம்போல் வெளுக்கும். எலிகளில் இந்த மரபணுவை நீக்கியபோதும் இதே வகை ரத்தசோகை வந்தது என்பது இந்த விளக்கத்துக்கு வலுச்சேர்க்கிறது. ஒரு வைரஸ், செல்லுக்குள் நுழையும் வாயிலைத் தேர்ந்தெடுத்ததாலேயே நோயின் வடிவம் தீர்மானிக்கப்படுவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் அறியேன்.

இரும்புச்சத்து மருந்து கொடுத்தால் போதாதா என்று இதோடு சேர்த்துக் கேட்பார்கள். இங்கே குறைபாடு இரும்பில் இல்லை. இரும்பைப் பயன்படுத்தவேண்டிய செல்களே இல்லை. ஆகவே அது பயன் தராது. உண்ணியால் பரவும் ரத்த ஒட்டுண்ணிகள், குடற்புழு, தெள்ளுப்பூச்சி ஆகியவற்றாலும் பூனை வெளுக்கும் என்பதால், சோதிக்காமல் எஃப்இஎல்வி என்று முடிவு கட்டுவதும் தவறு.

டி வகை பூனைக்கு வர்ற எய்ட்ஸ் மாதிரின்னு படிச்சேன். அதுக்கும் ஜிபி70க்கும் என்ன சம்பந்தம்?

டி வகையின் ஜிபி70 தானாகச் செயல்பட்டு சவ்வுகளைக் கலக்கவைக்க முடியாத அளவுக்கு மாறிப்போனது. பிட்1ஐப் பற்றினாலும் அதனால் மட்டும் கதவு திறப்பதில்லை. ஃபெலிக்ஸ் என்ற துணைப் புரதம் உடனிருக்க வேண்டும். வியப்பு என்னவென்றால், ஃபெலிக்ஸைத் தருவது வைரஸ் அன்று, பூனையே. பூனையின் டி செல்கள் அதைச் சுரப்பதால் டி வகை அவற்றுக்குள் புகுந்து அழிக்கிறது, எதிர்ப்பாற்றல் சரிகிறது. 2000ஆம் ஆண்டில் இது வெளியானபோது, கரைந்த நிலையிலுள்ள ஒரு துணைப் புரதத்தை நம்பி ரெட்ரோவைரஸ் நுழைவது புதிய செய்தியாக இருந்தது. எஃப்ஐவி தரும் எதிர்ப்பாற்றல் குறைபாடு தனி. அது வேறொரு வைரஸ், வேறு ஏற்பிகள்.

பி வகை வெளியில இருந்து வராதுன்னு சொல்றாங்களே, அப்போ அது எங்கிருந்துதான் வருது?

பூனையின் குரோமோசோமிலிருந்து. வீட்டுப் பூனையும் அதன் நெருங்கிய காட்டு உறவினங்களும் தோன்றிய மிகப் பழங்காலத்திலேயே இந்த வைரஸின் மூதாதை ஒன்று பூனை முன்னோர்களின் இனப்பெருக்கச் செல்களுக்குள் புகுந்து, மரபணுவோடு மரபணுவாகத் தங்கிவிட்டது. அன்றிலிருந்து தாய் தந்தை வழியாகக் குட்டிகளுக்கு வந்துகொண்டிருக்கும் அந்தப் பிரதிகளுக்கு உள்ளார்ந்த எஃப்இஎல்வி என்று பெயர். நலமாக இருக்கும் உங்கள் பூனையிலும் அவை உள்ளன. அவற்றால் முழு வைரஸை உருவாக்க இயலாது. ஆனால், சிலவற்றிலுள்ள என்வ் மரபணு இன்னும் புரதத்தைத் தருகிறது. மேலே சொன்ன ஃபெலிக்ஸ் இப்படி வருவதுதான். சோதனைப் பட்டைக்கு உறைப் புரதம் ஏற்றதன்று என்று நான் சொன்னதும் இதனால்தான்.

ஏ வகை தொற்றிய செல்லில் வைரஸின் ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படும்போது, உள்ளார்ந்த பிரதியின் என்வ் பகுதியும் இடையில் கலந்துவிடக்கூடும். இந்த மறுசேர்க்கையில் பிறப்பதே பி வகை: உடல் ஏ வகையுடையது, ஜிபி70இன் முற்பகுதி பூனையின் சொந்த மரபணுவிலிருந்து வந்தது. பி வகையும் சேர்ந்துள்ள பூனைகளில் நிணநீர்ப் புற்று கூடுதலாகக் காணப்படுகிறது.

தடுப்பூசி போட்டா அப்புறம் டெஸ்ட்ல பாசிட்டிவ் காட்டுமா?

காட்டாது. சோதனை தேடுவது வைரஸ் உடலில் பெருகும்போது ரத்தத்தில் நிலைத்திருக்கும் பி27ஐ. தடுப்பூசியோ ஆன்டிபாடியையும் டி செல்களையும் தூண்டுகிறது. ஆனால், ஊசி போட்ட கையோடு ரத்தம் எடுத்தால் ஊசியிலுள்ள புரதமே பட்டையில் தெரிய வாய்ப்புண்டு. ஆகவே சோதனை முதலில், ஊசி அடுத்து என்ற வரிசையே சரி. ஏற்கெனவே தொற்றிய பூனைக்கு இந்த ஊசியால் பயனில்லை என்பதும் அந்த வரிசைக்கு மற்றொரு காரணம்.

முதல் எஃப்இஎல்வி தடுப்பூசி 1985ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உரிமம் பெற்றது. பிறகு வந்தவற்றுள் ஒரு வகை, ஈ.கோலை பாக்டீரியாவில் உற்பத்தி செய்யப்பட்ட, சர்க்கரைச் சங்கிலிகள் இல்லாத ஜிபி70 பகுதியைக் கொண்டது. மற்றொரு வகையில், பூனைக்குள் பெருக முடியாத கேனரிப் பறவை அம்மை வைரஸ், எஃப்இஎல்வியின் என்வ், காக் மரபணுக்களைச் சுமந்துவந்து பூனையின் செல்லிலேயே அந்தப் புரதங்களை உருவாக்கச் செய்கிறது. பொதுவாகக் குட்டிக்கு 8 அல்லது 9 வார வயதில் முதல் ஊசியும், 3 அல்லது 4 வாரங்கள் கழித்து அடுத்ததும், ஓராண்டில் ஊக்க ஊசியும் போடப்படுகின்றன. எந்த ஊசியும் முழுக்காப்பு அளிப்பதில்லை. தொற்று நிலைத்துவிடுவதைத் தடுப்பதே அவற்றின் பெரும்பயன்.

ஜிபி70 இவ்வளவு மாறுதுன்னா, தடுப்பூசி மட்டும் எப்படி வேலை செய்யுது?

இது கூர்மையான கேள்வி. விடை, மாற்றம் எங்கே நிகழ்கிறது என்பதில் இருக்கிறது. பி, சி, டி வகைகள் தொற்றிய பூனையின் உடலுக்குள்ளே தோன்றுபவை. பூனையிலிருந்து பூனைக்குப் பரவுவது ஏறத்தாழ எப்போதும் ஏ வகையே. அதன் ஜிபி70 நாட்டுக்கு நாடு பெரிதாக வேறுபடுவதில்லை. ஆகவே ஏ வகையை நுழைவாயிலிலேயே தடுத்துவிட்டால் மற்றவை தோன்ற வாய்ப்பே அமையாது.

எஃப்ஐவியில் நிலைமை வேறு. 1986ஆம் ஆண்டில் கலிஃபோர்னியாவில் கண்டறியப்பட்ட அந்த வைரஸின் உறைப் புரதம், பரவும் வைரஸ்களுக்கிடையிலேயே பெரிதும் வேறுபடுகிறது. அதற்கு 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உரிமம் பெற்ற தடுப்பூசி பின்னர் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது.

பி15இ எதிர்ப்பு சக்தியை அடக்கும்னு ஒரு பாடத்துல வருது. அது உண்மையா?

பி15இயில் 17 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பகுதி பல ரெட்ரோவைரஸ்களில் ஏறத்தாழ மாறாமல் காணப்படுகிறது. அதைச் செயற்கையாகத் தயாரித்துச் சோதனைக் குழாயில் வெள்ளை அணுக்களோடு சேர்த்தபோது அவற்றின் பெருக்கம் குறைந்தது. 1985ஆம் ஆண்டிலிருந்து இது பேசப்படுகிறது. ஆனால், பூனையின் உடலில் எதிர்ப்பாற்றல் சரிவதற்கு இந்த ஒரு பகுதியையே காரணமாக்கிவிடுவது பொருந்தாது. டி செல்கள் அழிவதும், எலும்பு மஜ்ஜை பாதிக்கப்படுவதும் உடனிருக்கும் காரணங்கள். தேர்வுக்கு எழுதும் மாணவர்கள் இரண்டையும் சேர்த்தே எழுதவேண்டும்.

ஓசூர்ல எங்களுக்குக் கோழிப் பண்ணை இருக்கு, மாடும் இருக்கு. கோழிக்கும் மாட்டுக்கும் லுகோசிஸ் வருதே, பூனைகிட்ட இருந்து ஒட்டுமா?

ஒட்டாது. லுகோசிஸ் என்ற ரத்தப்புற்று வகை நோயைத் தரும் கோழி வைரஸ் ஆல்ஃபா ரெட்ரோவைரஸ், மாட்டினுடையது டெல்டா, பூனையினுடையது காமா. கோழி வைரஸுக்கும் ஏ, பி, சி என்று உறைப் புரதத்தை வைத்தே வகை பிரிக்கிறார்கள் என்பதால் பெயர்கள் குழப்புகின்றன. ஆனால், அந்த ஏக்கும் இந்த ஏக்கும் தொடர்பில்லை. மாட்டு வைரஸின் வெளிப்புறப் புரதம் ஜிபி51. அது மாடுகளுக்கிடையே முக்கியமாக ரத்தத்தின் வழியே, ஒரே ஊசியைப் பல மாடுகளுக்குப் பயன்படுத்துவதாலும் பரவுகிறது.

குழந்தைங்க பூனையைக் கொஞ்சுறாங்க. மனுசங்களுக்கு வருமா?

மனிதர்களுக்கு இந்த வைரஸால் நோய் வந்ததாகச் சான்று இல்லை. எழுபதுகளிலிருந்தே மருத்துவர்களையும் பூனை வளர்ப்போரையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மாணவர்கள் இங்கே ஒரு முரண்பாட்டைச் சுட்டுவார்கள்: மனித செல்லிலும் பிட்1 உண்டு, பி வகை சோதனைக் குழாயில் மனித செல்லைத் தொற்றுகிறது, பிறகு எப்படி ஆபத்தில்லை என்கிறீர்கள்? ஏற்பி இருப்பது நுழைவுக்குப் போதுமானதாக இருக்கலாம். நோயாக நிலைப்பதற்கு அது மட்டும் போதாது. சோதனைக் குழாயில் உடலின் இயற்கைத் தற்காப்பு இல்லை. மேலும், பூனைகள் வெளிவிடுவது பெரும்பாலும் ஏ வகை. அது பூனைச் செல்களையே முதன்மையாக நாடுவது.

தேன்கனிக்கோட்டைப் பக்கம் காட்டோரத்துல இருக்கோம். சிறுத்தை நம்ம பூனையைப் பிடிச்சா அதுக்கும் வருமா?

காவிரி வடக்கு வன உயிரின சரணாலயத்தை ஒட்டிய ஊர்களிலிருந்து வரும் இந்தக் கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன். வீட்டுப் பூனையிலிருந்து பூனைக் குடும்பத்துக் காட்டு இனங்களுக்கு ஏ வகை தாவியதற்கு உறுதியான முன்னுதாரணங்கள் உண்டு: 2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஃப்ளோரிடா பூமாக்களிடையேயும், 2007ஆம் ஆண்டில் ஸ்பெயினின் டோன்யானா பகுதியில் ஐபீரிய லின்க்ஸ்களிடையேயும் இந்நோய் பரவி விலங்குகள் இறந்தன. சிறுத்தையின் குரோமோசோமில் உள்ளார்ந்த எஃப்இஎல்வி இல்லை. ஆகவே பி வகை அதனுள் புதிதாகத் தோன்ற வழியில்லை. ஆனால், ஏ வகையே கொல்லப் போதுமானது என்பதை மேற்கண்ட இரு நிகழ்வுகளும் காட்டின. காட்டோர ஊர்களில் பூனைகளுக்குக் கருத்தடை செய்வதும், இரவில் வீட்டுக்குள் வைத்துக்கொள்வதும் பூனைக்கு மட்டும் நன்மையன்று.

நாலு பூனையில ஒண்ணுக்கு இருக்கு. மத்ததைக் காப்பாத்த என்ன பண்றது?

தொற்று நிலைத்த பூனையின் உமிழ்நீரில் ஒரு மில்லிக்குப் பத்து லட்சம் துகள்கள் வரை இருக்கலாம். நக்கிச் சுத்தம் செய்துகொள்வதும், ஒரே கிண்ணத்தில் உண்பதும், கடித்துக்கொள்வதும், தாய் குட்டிக்குப் பாலூட்டுவதும் பரவும் வழிகள். அந்தப் பூனையைத் தனி அறையில் வைத்து, மற்ற மூன்றையும் சோதித்து, நோயற்றவற்றுக்குத் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். அண்மையில் தொற்றியிருந்தால் பி27 தெரிய ஒரு மாதம் ஆகலாம் என்பதால் மறுசோதனை அவசியம். குட்டிகளே எளிதில் பாதிக்கப்படுபவை. வயது ஏற ஏறத் தாங்குதிறன் கூடும்.

பாத்திரங்களைப் பற்றி அஞ்சவேண்டாம். வைரஸின் வெளிப்போர்வை கொழுப்புச் சவ்வு என்று முன்னர் சொன்னேன் அல்லவா? சோப்பு அதைக் கரைத்துவிடும். சவ்வு போனால் முட்கள் ஊன்றியிருக்க இடமில்லை. வீட்டின் வறண்ட சூழலில் சில மணி நேரத்துக்குள் அதுவாகவே செயலிழந்துவிடும்.

ஜிபி70ஐ அடைச்சுடற மருந்து கொடுத்தா குணமாகிடாதா?

தொற்று நிலைத்துவிட்ட பிறகு நுழைவாயிலை அடைப்பதால் முழுக்குணம் கிடைக்காது. புரோவைரஸ் ஏற்கெனவே குரோமோசோமில் எழுதப்பட்டுவிட்டது, செல் பிரியும்போதெல்லாம் அதுவும் சேர்ந்தே படியெடுக்கப்படும். பயன்பாட்டில் உள்ள ஏஇசட்டி என்ற மருந்து, வைரஸின் ஆர்.என்.ஏ. டி.என்.ஏ.வாக மாற்றி எழுதப்படுவதைத் தடுப்பது. ஒமேகா இன்டர்ஃபெரான் எதிர்ப்பாற்றலுக்குத் துணைசெய்வது. இரண்டும் மேற்பரப்புப் புரதத்தின் மீது வேலை செய்பவை அல்ல. இரண்டும் நோயை வேரோடு நீக்குவதுமில்லை.

போன தடவை பாசிட்டிவ், இப்ப நெகட்டிவ். வைரஸ் சுத்தமா போயிடுச்சா?

பெரும்பாலும் போயிருக்காது. பூனையின் எதிர்ப்பாற்றல் வைரஸின் பெருக்கத்தை அடக்கிவிட்டது. அதனால் பி27 ரத்தத்தில் இல்லை. ஆனால், புரோவைரஸ் செல்களில் தங்கியிருக்கலாம். இந்நிலைக்குப் பின்னடைந்த தொற்று என்று பெயர். முதல் முடிவே தவறாக இருந்திருக்கவும் கூடும் என்பதால், புரோவைரஸைத் தேடும் பி.சி.ஆர். சோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும். அந்தச் சோதனை, உள்ளார்ந்த பிரதிகளைத் தவறாக எண்ணிவிடாதபடி, வெளிவைரஸுக்கே உரிய மரபணுப் பகுதியை நோக்கி அமைக்கப்படுகிறது. ஐரோப்பாவில் பி15இக்கு எதிரான ஆன்டிபாடியைக் காட்டும் விரைவுச் சோதனையும் வந்துள்ளது. பூனை என்றோ ஒருநாள் இந்த வைரஸைச் சந்தித்து எதிர்வினை ஆற்றியிருக்கிறது என்பதை அது தெரிவிக்கும்.

பின்னடைந்த நிலையிலுள்ள பூனை உமிழ்நீரில் வைரஸை வெளிவிடுவதில்லை. நீண்ட நாள் நலமாக வாழ்வதும் உண்டு. ஆயினும், கடும் நோயாலோ எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளாலோ வைரஸ் மீண்டும் தலைதூக்கக்கூடும். அதன் ரத்தத்தை மட்டும் வேறு பூனைக்கு ஏற்றக் கூடாது. செல்லுக்குள் இருக்கும் புரோவைரஸ் ரத்தத்தோடு சென்று, பெற்றுக்கொள்ளும் பூனையில் முழுத் தொற்றாக வெளிப்படலாம். ஆகவே ரத்தம் கொடுக்கவிருக்கும் பூனைக்குப் பட்டைச் சோதனை போதாது, பி.சி.ஆர். சோதனையும் வேண்டும்.